வேறொரு கம்ப்யூட்டர்

சிதம்பரம் மேலவீதியில் சார்லஸ் நடத்திய லேசர் கட்டிங் கடையை, அவன் இறந்தபிறகு மனைவி ஜான்சி நடத்தினாள். 2010-இல் பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோனதால் அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். அது கட்டிங் மெஷினோடு சேரவில்லை. சார்லஸின் நண்பன் இளவரசு கடலூரிலிருந்து வந்து பார்த்தான்.

"வேற ஒரு கம்ப்யூட்டர் ஏற்கெனவே மெஷினோட கனெக்‌ஷன்ல இருக்குன்னு காட்டுது அண்ணி."

"இங்க ஏது வேற கம்ப்யூட்டரு?"

என்னென்னவோ மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மெஷினிலிருந்து கேபிளையே பிடுங்கினான். மெஷின் தானாக ஓடத் தொடங்கியது. சாயங்காலங்களில் சார்லஸின் சட்டையில் வீசும் கருகிய மரவாசனை கடை முழுக்கப் பரவியது.

இளவரசு சுவிட்சை அணைக்கப் போனான்.

"இருங்க தம்பி, முடிக்கட்டும்" என்றாள் ஜான்சி.

மெஷின் நின்றதும் மூடியைத் திறந்தாள். உள்ளே கிடந்த மரப்பலகையில் 'ஜானு' என்று வெட்டியிருந்தது. கல்யாணமான புதிதில் சார்லஸ் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். பிள்ளைகள் பிறந்தபிறகு எப்படியோ அது நின்றுபோனது.

இளவரசு கேபிளை மறுபடி சொருகப் போனான். வேண்டாம் என்று தலையசைத்தாள். இன்னொரு பலகையை எடுத்து உள்ளே வைத்து மூடிவிட்டு, ஸ்டூலை மெஷின் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.