பாலத்தில் கேட்ட கேள்வி

கைதிகளை மாற்றிக்கொள்ளும் நாள் அது. பகைநாட்டில் ஒன்பது ஆண்டு சிறையிருந்த ஹய்யான் எல்லைப் பாலத்தைக் கடந்தபோது, கரையில் மனைவி லுபாபா காத்திருந்தாள். அவன் நாட்டை ஆளும் கலீபாவின் அதிகாரி அவனை மறித்தார்.

“குர்ஆன் ஆதியிலிருந்தே இருந்ததில்ல, இறைவன் பிறகு படைச்சது. இதுதான் கலீபாவோட கொள்கை. ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா வந்த வழியே போ.”

“அதை ஓதித்தானே ஐயா அங்க உயிரோட இருந்தேன்!”

“ஒத்துக்கோங்க!” என்று லுபாபா கதறினாள்.

ஒத்துக்கொண்டான். அவள் ஓடிவந்து அவன் கையைப் பற்றினாள்.

அடுத்து, சிறையில் அவனோடு ஒரே சங்கிலியில் கிடந்த மிக்தாத் வந்தார். மறுத்தார். வீரர்கள் அவரை வந்த வழியே திருப்பினார்கள்.

“ஹய்யான், என் மக உன்கிட்ட வந்து கேட்பா,” என்றார் அவர், கோபமில்லாமல். “நான் அங்கேயே செத்துட்டேன்னு சொல்லிடு.”

ஹய்யான் தலையசைத்தான். அவன் பிடி இறுகியதில் லுபாபாவுக்குக் கை வலித்தது.