வெள்ளைச்சாமி இ. மற்றும் பலர்

மறுபடியும் கைபேசித் திரையைப் புதுப்பித்தான்.

வெள்ளைச்சாமி இ. மற்றும் பலர்.

புதுப்பித்தால் மாறிவிடுமா என்ன. விரல்தான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவின் வராந்தாவில் பதினோரு முறை கிழக்கே போய்ப் பதினோரு முறை மேற்கே வந்துவிட்டான். மணி நான்கு இருபது. ஐந்துக்குக் கவுண்டர் மூடும். மூடினால் ஆறு வருட முனைவர் பட்டப் பதிவு காலாவதி. நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று. மூன்றாவதுக்கு விதியில் இடமில்லை.

ஆய்வேடு தயார். ஐந்து பிரதி, பைண்டிங் பசை வாசனை போகாமல்.

குறை ஒன்றுதான். மாணவர் தன் பெயரில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும்.

வெளியிட்டிருந்தான்.

அப்பா பெயரில்.

அவன் வெ. இளம்பரிதி. கட்டுரையை அனுப்பிய ஆய்விதழின் இணையதளம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ‘வெ’ என்று போட்டான். ஓர் எழுத்தெல்லாம் பெயராகாது என்றது. கடுப்பில் வெ-யை முழுசாக விரித்து அடித்தான்.

திறந்தது.

வெள்ளைச்சாமி முன்னால் வந்தார். இளம்பரிதி ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஓரமாக நின்றான். ‘பலர்’ என்பது நெறியாளரும் துறைத்தலைவரும்.

பழைய டயர்களில் தேங்கும் தண்ணீரில் கொசு வளர்வது பற்றிய கட்டுரை. பிரேசிலில் மூன்று, வியட்நாமில் ஐந்து என்று இதுவரை இருபத்து மூன்று கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. ‘வெள்ளைச்சாமி சுட்டியதுபோல’ என்றது ஒன்று. ‘வெள்ளைச்சாமியோடு உடன்படுகிறோம்’ என்றது இன்னொன்று. எண்ணிக்கை ஏறும் மகிழ்ச்சியில் அவன் பெயரைக் கவனிக்கவில்லை.

போன வாரம் கவனித்து, திருத்தச் சொல்லி இதழுக்கு எழுதினான். உடனே பதில் வந்தது. அச்சை நிறுத்தி நான்கு வருடமாகிறது, எல்லாம் இணையத்தில்தான், ஆகவே திருத்துவது சுலபம். எட்டு வாரம் ஆகும். கட்டுரையின் இணைப்பு நிரந்தரமானது, மாறாது. திருத்தக் குறிப்புக்குத் தனி இணைப்பு தருவார்கள். மேற்கோள் காட்டியவர்கள் காட்டியது காட்டியதுதான்.

காலையில் கவுண்டரில் கண்காணிப்பாளர் ரெஜினா மேடம் தன் கணினித் திரையைப் பார்த்தார். பிறகு அவனை.

“யாரு தம்பி இந்த வெள்ளைச்சாமி?”

“எங்கப்பா மேடம்.”

“எந்த டிபார்ட்மென்ட்?”

“பஞ்சர் கடை மேடம். மணப்பாறை பைபாஸ்.”

அவர் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருட சர்வீஸ்.

“அவரையே கூட்டிட்டு வாங்க. நான் எழுதலைன்னு என் முன்னாடி கையெழுத்துப் போடட்டும். லெட்டர நீங்களே அடிச்சிருங்க.”

ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே அடித்தான். மேடம் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடித்தான்.

எனக்கும் மேற்படி ஆராய்ச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எந்த விதத்திலும் நான் எந்தப் பங்களிப்பும் செய்யவில்லை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான்கு நாற்பத்தொன்றுக்கு அப்பா வந்தார். கடையைப் பாதியில் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி. நகக்கண்ணில் கறுப்பு.

நாற்பது டயர்களில் நான்கு மாதம் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தினமும் ஸ்கேல் வைத்து அளந்தார். புழுக்களை எண்ணி நோட்டில் எழுதினார். அவன் ஹாஸ்டலிலிருந்து போன் போட்டு எண்களை மட்டும் கேட்டுக்கொள்வான். “என்ன அண்ணாச்சி, கொசுப் பண்ணையா?” என்றார்கள் லாரிக்காரர்கள். சுகாதார ஆய்வாளர் வந்து மிரட்டிவிட்டுப் போனார். அப்பா மறுநாளும் எண்ணினார்.

கட்டுரையில் அவர், கடை இருக்கும் இடத்தின் அட்சரேகையாகவும் தீர்க்கரேகையாகவும் மட்டும் இருக்கிறார். நன்றியுரையில் துறைத்தலைவரின் மனைவி இருக்கிறார்.

ரெஜினா மேடம் திரையை அப்பா பக்கம் திருப்பினார். அப்பா தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“நமக்கு மு தானுங்களே. இ போட்டிருக்கு?”

“ஐயோ, அதையெல்லாம் நீங்க கிளப்பாதீங்க” என்றார் மேடம்.

“பக்கத்துல இருபத்திமூணுன்னு?”

“அத்தன கட்டுரைல இத எடுத்துச் சொல்லியிருக்காங்க.”

“தப்புன்னுங்களா?”

“சரின்னுதாங்க.”

அப்பா தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். அவன் கடிதத்தை அவர் முன்னால் வைத்தான், பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தான்.

“சீக்கிரம்ப்பா.”

அப்பா விரல் வைத்துப் படித்தார். முதல் வரி.

இரண்டாவது வரியில் விரல் நின்றது.

நான்கு ஐம்பத்துமூன்று. அவன் கால் மாற்றி நின்றான். மேடம் முத்திரையை மையில் ஒற்றினார்.

அப்பா நிமிரவில்லை.

“இந்த வரி நீ எழுதினதாய்யா?”

ஆமாம் என்றான்.

“கூட வேற யாரும் எழுதலையே?”

இல்லை என்றான்.

மு. வெள்ளைச்சாமி. ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் போட்டார். முத்திரை விழுவதற்குள் கடிதத்தை எடுத்து, மேடத்திடம் தராமல், மகனிடம் நீட்டினார். “நீயே குடுய்யா.”

கவுண்டர் மூட இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.