முன்னால் நடப்பவர்

பக்கவாதம் வந்து ஏழு மாதம் கழித்து, செண்பகவல்லி ஏரிக்கரை நடைக்குழுவுக்கு வந்தாள். கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நாற்பது பேரைப் பார்த்ததும் கூசிப்போய்க் கடைசியில் நின்றுகொண்டாள்.

"அக்கா, முன்னாடி வாங்க," என்றார் குழுவை நடத்தும் இருதயராஜ். "மெதுவா நடக்கிறவங்கதான் இங்க முதல்ல போவாங்க."

"நான் காலை இழுத்துக்கிட்டில்ல நடப்பேன், தம்பி?"

"அப்ப இன்னைக்கு அதுதான் எங்க வேகம்."

நடந்தாள். யாரும் முந்தவில்லை. பாதிக் கரையில் மூச்சு வாங்கி நின்றாள். பின்னால் நாற்பது பேரின் காலடிச் சத்தமும் ஒருசேர அடங்கியது. தண்ணீரில் நாரை அலகு வைக்கும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்க்கத் துணியாமல், இடது காலை மெல்ல எடுத்து வைத்தாள். பின்னால் கரையே சரசரவென்று நகர்ந்தது.