விடுபட்ட வரி

கணிதத் துறையில் தன்னோடு பணியாற்றிய கணவர் இறந்த பிறகும், திங்கட்கிழமை காலைகளில் பேராசிரியைக்கு அவருடைய மின்னஞ்சல் வந்தது. உள்ளே எதுவும் இருக்காது. அடியில் அவருடைய டிஜிட்டல் கையொப்பம் மட்டும் இருக்கும். அதைப் போடத் தேவையான ரகசியச் சாவி எண்ணை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட கையொப்பத்தை உரியவரைத் தவிர எவராலும் போட முடியாது என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் நிரூபித்துத்தான் அவள் பேராசிரியை ஆனாள்.

“உங்க நிரூபணத்துல ஒன்பதாம் பக்கம் ஓட்டை இருக்கு மேடம்,” என்றார் சக ஆசிரியர். “யார் வேணும்னாலும் போட்டிருக்கலாம். எவனோ விளையாடுறான், விட்டுத் தள்ளுங்க.”

அவள் பார்த்தாள். ஓட்டை இருந்தது.

“அப்போ திங்கக்கிழமையானா எவனோ ஒருத்தனுக்காகவா தலை வாரிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்?”

அடுத்த மின்னஞ்சலில் ஒரு கணித வரி இருந்தது. நலம் விசாரிப்பு ஏதுமில்லை. ஒன்பதாம் பக்கத்தில் அதைச் சேர்த்ததும் ஓட்டை அடைபட்டது.

கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, தன் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதினாள்.