பழகிப்போன மாத்திரை

“அப்பாவுக்கு இந்த மாத்திரை கேக்கவே மாட்டேங்குது டாக்டர். வலியில துடிக்கிறாரு, பார்க்க முடியல” என்றான் மகன். பேசும்போதே அப்பாவின் காலை அமுக்கிக்கொண்டிருந்தான்.

“நாலு மாசமாச்சு இல்லையா? உடம்பு மருந்துக்குப் பழகிடும். அப்புறம் அதே அளவு போதாது.” டாக்டர் ஸ்கேனை மறுபடி பார்த்தார். “ஆனா நோய் முத்தினதா தெரியலையே. நீங்க கொஞ்சம் வெளியில இருங்க தம்பி.”

மகன் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் டாக்டர் கேட்டார்: “உண்மையைச் சொல்லுங்க பெரியவரே. வலி எப்படி இருக்கு?”

“அடங்கித்தான் இருக்கு.”

“அப்புறம் எதுக்குத் துடிக்கிறீங்க? நான் டோஸைக் கூட்டணும்னா?”

“ஆமா. முன்னெல்லாம் மத்தியானம் மாத்திரை போட்டா, பத்து நிமிஷத்துல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன். இப்ப தூக்கமே வரல. கண்ணை மூடிப் படுத்திருக்கேன். தூங்கறேன்னு நெனச்சு, மகனும் மருமகளும் பக்கத்துல நின்னே பேசிக்கிறாங்க.”

“என்ன பேசறாங்க?”

“நேத்து டேப் வச்சு ரூமை அளந்தாங்க. என் கட்டில் போனதும் பேத்திக்கு மேசை போடணுமாம்.”

டாக்டர் பேனாவை மூடினார். “முழிச்சிருக்கேன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“சொன்னா, அப்புறம் அவன் எப்படி என் மூஞ்சில முழிப்பான்? நாப்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவன் நான். பய அந்தச் சுவத்தைப் பத்தடின்னு தப்பா அளக்கறான். ‘பத்தேகால் அடிடா’ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அடுத்த தடவை உளறிடறதுக்குள்ள என்னைத் தூங்க வச்சிடுங்க டாக்டர்.”