குடத்தில் இருந்த பெயர்

கத்திரி வெயில் உச்சிக்கு ஏறியபோது தண்ணீர் மோட்டார் கருகிவிட்டது.

திண்டிவனத்துக்கு வெளியே, தொண்டர்களைக் கொண்டு ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் நிறுவனத்தின் மனை. கோடை விடுமுறைப் பணிக்கு நேற்றுதான் வந்து சேர்ந்தாள் அஸ்வினி. ஞாயிற்றுக்கிழமை. தளத்துக்குக் காவலாக அவள் மட்டும்.

நேற்று போட்ட கான்கிரீட் கூரைத் தளம் அது. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. அதற்காகவே தளத்தின் மேல் வயலைப்போலப் பாத்தி கட்டி நீரைத் தேக்குவார்கள். இந்த வெயிலில் பாத்தி வறண்டால் தளம் விரிசல் விடும்.

பாத்திகள் பாதி வறண்டிருந்தன.

மோட்டாரைப் பார்த்துவிட்டு அவள் ஓடிவந்தபோது, ஒரு பெண் ஏற்கெனவே அடிபம்பிலிருந்து எவர்சில்வர் குடத்தில் நீர் சுமந்து ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். குடத்தின் கழுத்தில் 'செண்பகம்' என்று பெயர் வெட்டியிருந்தது.

வீடு செண்பகத்துக்கு என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வீடு பெறுகிறவர்களும் கூடவே உழைக்கவேண்டும் என்பது அங்கே விதி.

“செண்பகம்மா, நானும் வர்றேன்.”

அந்தப் பெண் ஒரு கணம் நின்று பார்த்தாள்.

“செருப்பக் கழட்டிட்டு ஏறு பாப்பா. பச்சத் தளம்.”

அஸ்வினி சிமென்ட் எப்படி இறுகுகிறது என்று விளக்கத் தொடங்கினாள்.

“மல்லாட்டைச் செடிக்கும் பூ உடற நேரத்துல தண்ணி இல்லன்னா அவ்ளோதான். பேசிக்கினே நிக்காத, ஜல்தியா கொடத்த வாங்கு.”

கடைசிப் பாத்தியும் நிரம்பியது. கசிந்த ஒரு வரப்பை அந்தப் பெண் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தாள்.

“இனி பயமில்லைம்மா. உங்க வீடு நல்லா நிக்கும்.”

சாலையில் ஓர் ஆட்டோ திரும்பியது. அந்தப் பெண் அதை எட்டிப் பார்த்தாள். மளமளவென்று ஏணியில் இறங்கினாள்.

“யாருன்னு கேட்டா மோட்டார் தண்ணின்னு சொல்லு.”

குடத்தை மறந்துவிட்டு, பின்பக்க முள்வேலி வழியாகப் போய்விட்டாள்.

ஆட்டோவிலிருந்து கையில் பையுடன் இறங்கிய இன்னொருத்தி நேராக ஏணியில் ஏறி, நிறைந்த பாத்திகளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

“நான் செண்பகம், இது என் வூடு. மவ பிரசவத்துக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரில இருந்தேன். தளம் போச்சோன்னு பதறிக்கினு வர்றேன். யாரு பாப்பா தண்ணி உட்டது?”

அஸ்வினி பின்பக்க முள்வேலியைப் பார்த்தாள்.

“மோட்டார்.”

செண்பகம் கீழே இறங்கினாள். மோட்டாரிலிருந்து இன்னும் தீய்ந்த வாடை வந்துகொண்டிருந்தது. ஏணியடியில் குடம் கிடந்தது. அதை எடுத்து, கழுத்தில் இருந்த தன் பெயரை விரலால் தடவினாள்.

“என் நாத்தனா பொண்ணு சடங்குக்கு நான் வெச்ச சீரு. மொத வூடு யாருக்குன்னு சீட்டு குலுக்கி, எம்பேரு வந்ததுலேர்ந்து நாத்தனா என்னோட பேசறதில்ல.”

அடிபம்பில் குடத்தை நிரப்பினாள். பக்கத்தில் இருந்த நாத்தனாரின் மனைக்கு நடந்தாள். அங்கே இன்னும் சுண்ணாம்புக் கோடு மட்டும்தான் போட்டிருந்தது. வாசல் வரவேண்டிய இடத்தில் நிறைகுடத்தை இறக்கி வைத்தாள்.

திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டாள்.

“யாரு வெச்சதுன்னு கேட்டா, மோட்டார்னு சொல்லு.”