ஆறாவது போன்

ஆமிக் காம்ப் வாசலுக்கு எதிரே கொட்டில் போட்டு, உள்ளே போன தங்கள் காணியைக் கேட்டு நூற்றுப் பத்து நாளாய் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றுதான் ஒரு துரோகி அகப்பட்டார்.

பிடித்துக் கொடுத்தது ஒரு ஆப்.

கொட்டிலுக்குப் பக்கத்து வீடு மெற்றில்டாவுடையது. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பியவர். அப்பாவின் காணி காம்ப் வேலிக்குள். இவர் வேலிக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ். கொழும்பு லோயரோடு போராட்டக் கமிட்டி வீடியோவில் பேசுவது இவர் வீட்டு வைஃபையில்தான். இரண்டு கிழமையாக லைன் இழுபட்டு, லோயர் திரையில் வாய் திறந்தபடியே உறைந்துபோய்க்கொண்டிருந்தார்.

போன் கடையில் வேலை செய்யும் ஜெனிஸ்ரா வந்து, மெற்றில்டாவின் போனில் அந்த ஆப்பைப் போட்டாள். வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள், எந்த எந்த நேரம் இருந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் உள்ளே. ஒரு தட்டில் பெயர் வைக்கலாம், இன்னொரு தட்டில் வெட்டிவிடலாம். அவ்வளவுதான்.

ஐந்து போனுக்குப் பெயர் வைத்தாள். ஆறாவதில் ஏற்கெனவே பெயர் இருந்தது. பிரசன்ன. சிங்களப் பெயர். தினமும் பின்னேரம் இரண்டு மணி தொடக்கம் ஆறு மணி வரை. எதிரே காம்ப் சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரனின் நேரம் அது.

கமிட்டிச் செயலாளர் ரொபின்சன் கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஆரோ பாஸ்வேர்ட் குடுத்திருக்கினம்."

"ஆரோ இல்லை. நான்தான் குடுத்தனான்" என்றார் மெற்றில்டா.

நாலு மணித் தேத்தண்ணியும் அக்காதான் அனுப்புறாவோ என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சிலர் சிரித்தார்கள். நாங்கள் லோயரோடு பேசுவதெல்லாம் அவனுக்குப் போகிறது என்றார் ரொபின்சன். ஒரே வைஃபையில் இருப்பதால் மற்றவர் பேச்சு கேட்காது என்று ஜெனிஸ்ரா சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

உடனே வெட்டச் சொன்னார் ரொபின்சன். மெற்றில்டா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் குடுத்தனீங்கள் எண்டாவது சொல்லுங்கோ அக்கா" என்றார் ரொபின்சன்.

"சொல்ல மாட்டன். மண்டபத்தில ஆளாளா எண்ணிச்சினம். இங்க திரும்பி வந்தால், ஆமிக்காரர் குடும்பப் படம் ஒட்டி, வீட்டில ஆர் ஆர் எண்டு எழுதித் தரச் சொல்லிச்சினம். ஒரு இரவு தங்க வந்த தங்கச்சிக்கும் பேர் குடுத்தனான். இப்ப உங்களுக்கும் பட்டியலோ? என்ர வீட்டுக்கு ஆர் வாறது எண்டு இனி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

"அப்ப திங்கட்கிழமை கச்சேரிக்கு நீங்கள் வர வேண்டாம். உங்கட பேரையும் வெட்டுறன்."

வேலிக்குள் வீடே இருந்ததில்லை, வெறும் காடு என்று காம்ப் தரப்பு எழுதிக் கொடுத்திருந்தது. இருந்தது என்று திங்கட்கிழமை அரசாங்கக் கச்சேரியில் அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். அன்று மனுவில் பெயர் இல்லாதவருக்குக் காணியும் இல்லை.

"வெட்டுங்கோ. நான் போனை வெட்ட மாட்டன்."

ரொபின்சன் பேனாவை எடுத்துக்கொண்டு, மனுக் கோப்பை எடுக்கச் சொன்னார். ஜெனிஸ்ரா திறந்தாள். மேலே இருந்தது அவர்களுடைய ஒரே சாட்சி: பெரிதாக்கிய ஒரு படம். வேலிக்குள் இருக்கும் கிணறு. அதன் கட்டுச் சுவரில் 'தோமஸ் 1974' என்று மெற்றில்டாவின் அப்பா பெயர். போன மாதம் மெற்றில்டாதான் கொண்டுவந்து கொடுத்தார். எப்படி என்று கேட்டதற்கு, வந்தது என்றார். உள்ளே கொத்து வேலைக்குப் போன மேசன் யாராவது எடுத்திருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஜெனிஸ்ரா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள். பின்னேர வெயிலில், எடுத்தவனின் நிழல் கிணற்றுக் கட்டின்மேல் நீளமாய் விழுந்திருந்தது. தலையில் ஆமித் தொப்பி. தோளில் துவக்கு.

அதை ரொபின்சனிடம் நீட்டினாள்.

அவர் படத்தைப் பார்த்தார். எதிரே சென்றியைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

மெற்றில்டா எழும்பி, கிட்டே வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நான் வராட்டியும் பரவாயில்லை, தம்பி. படத்தைக் கச்சேரியில குடுக்க முதல் அந்த நிழலை மட்டும் வெட்டிப்போடுங்கோ."